ஒரு தொட்டியில் நூறு வருடம்

கடுகுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். பிறகு மூக்கு. அதற்குப் பிறகு பெரியவர் சின்னவர் பார்க்க மாட்டாள். 'நீங்க' எல்லாம் 'நீ' ஆகிவிடும்.

வீட்டில் எல்லோருக்கும் இந்த வரிசை அத்துப்படி. காது சிவந்தால் பேச்சை மாற்றுவார்கள். மூக்கு சிவந்தால் அறையை மாற்றுவார்கள்.

அவளுக்கு நல்ல பெயர் ஒன்று பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருந்தது. வீட்டில் கடுகுதான். வயது பத்து. வகுப்பிலேயே குள்ளம். சூடு பட்டால் வெடிப்பாள்.

அவளுடைய அம்மாவும் மாமாவும் சேர்ந்து நாற்றுப் பண்ணை நடத்தினார்கள். மாமா, அம்மாவின் தம்பி. வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஓர் இடம். மேலே பச்சை வலை. கீழே வரிசையாக இரும்பு மேசைகள். மேசைகளில் கறுப்புத் தொட்டிகள். ஒவ்வொன்றும் அரைச் சாண் உயரம். ஒவ்வொன்றிலும் ஒரு நாற்று. தக்காளி, கத்தரி, மிளகாய். மாடியிலும் ஜன்னலிலும் செடி வளர்ப்பவர்கள் வந்து வாங்கிப் போவார்கள்.

தொட்டிக்கு மண் மட்டும் வெளியிலிருந்து வரும். லாரியில், மூட்டை மூட்டையாக. மூட்டை மேல் 'பீட்' என்று பெரிதாக அச்சடித்திருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கடுகு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது லாரி வாசலில் நின்றது. மாமா மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு மூட்டையைத் தூக்கியவர் அப்படியே நின்றார்.

"இதுல ஒரு கிலோ குறையுது" என்றார்.

"சும்மா சொல்லாதீங்க" என்றார் லாரிக்காரர்.

தராசில் வைத்தார்கள். ஒரு கிலோ குறைந்தது.

"உங்க கையா, தராசா?" என்று லாரிக்காரர் தலையைச் சொறிந்தார். மாமா மீசைக்குள் சிரித்தார். அவருக்குக் கையில் எடை. கண்ணில் தண்ணீர்க் கணக்கு. மண் கறுத்திருந்தால் ஈரம், வெளுத்திருந்தால் தாகம் என்பார். நூறு தொட்டிகளை ஒரே பார்வையில் பார்த்து, எதற்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லிவிடுவார்.

லாரிக்காரர் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து டீ குடித்தார். கடுகு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, பீட்னா என்ன மண்ணு?"

"அது மண்ணே இல்ல பாப்பா. பாசி."

"பாசியா?"

"செத்த பாசி. நான் அதை வெட்டுற எடத்துக்கே போயிருக்கேன். பெரிய சதுப்பு நிலம். காலை வச்சா முழங்கால் வரைக்கும் உள்ள இழுக்கும். அங்க பாசி வளரும், சாகும், தண்ணிக்குள்ள அமுங்கிடும். உள்ள காத்து கிடையாது. அதனால மக்காது. அது மேல அடுத்த பாசி. அது மேல அடுத்தது. அப்படியே ஆயிரக்கணக்கான வருஷமா அடுக்கி வச்ச மாதிரி இருக்கும்."

"ஒரு வருஷத்துக்கு எவ்ளோ ஏறும்?"

"உன் ஸ்கேல்ல சின்னக் கோடு இருக்கும் பாரு. அதுல ஒண்ணு."

கடுகு பையிலிருந்து ஸ்கேலை எடுத்தாள். சின்னக் கோடு. ஒரு மில்லிமீட்டர். பக்கத்து மேசைத் தொட்டியில் ஸ்கேலைச் செருகிப் பார்த்தாள். மண் பத்து சென்டிமீட்டர் ஆழம் இருந்தது.

பத்து சென்டிமீட்டர். நூறு சின்னக் கோடுகள்.

"இதுல நூறு வருஷம் இருக்கா?"

"இருக்கும்" என்றார் லாரிக்காரர். டீயை ஊதினார். "வெட்டறதுக்கு முன்னாடி தண்ணிய வடிச்சிடுவாங்க. காஞ்சதும் காத்து உள்ள பூந்துடும். அத்தன காலமா பூட்டி வச்சிருந்த கரியெல்லாம் கரியமில வாயுவா மேல போயிடும். அடுப்பு இல்லாமலே எரியற மாதிரி. புகை கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

கரியமில வாயு கடுகுக்குத் தெரியும். டீச்சர் பலகையில் பூமியை வரைந்து, அதற்கு ஒரு போர்வை போர்த்தியிருந்தார். போர்வை கனக்கக் கனக்க பூமிக்கு வேர்க்கும். போன கோடையில் வேர்த்தது. பச்சை வலைக்குக் கீழேயே இருநூறு நாற்றுகள் கருகின. அன்று அம்மா சாப்பிடவில்லை.

லாரிக்காரர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினார். அவருக்கு அது டீ நேரத்துப் பேச்சு. கடுகுக்குக் காது சிவந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மாமா ஒரு செத்த நாற்றைத் தொட்டியோடு தூக்கினார். குப்பைத் தொட்டியில் கவிழ்த்தார். கறுப்பு மண் பொலபொலவென்று விழுந்தது.

"மாமா! நூறு வருஷத்தைக் குப்பையில கொட்டிட்டீங்க!"

மாமா குப்பைத் தொட்டியை எட்டிப் பார்த்தார். "எங்க?"

மூக்கும் சிவந்தது.

*

சாப்பிடும்போது சண்டை தொடர்ந்தது.

"பீட்ல நாத்து வளருது. எனக்கு அது போதும்" என்றார் அம்மா.

"போன கோடையில இருநூறு நாத்து கருகிச்சே. நீங்க சாப்பிடவே இல்லியே. அந்தச் சூட்டை நாமளே மூட்டைல வாங்கி அடுக்குறோம்!"

"நம்ம அம்பது மூட்டையாலதான் உலகம் கொதிக்குதா?"

"எல்லாரும் எங்க மூட்டை இல்ல, எங்க மூட்டை இல்லன்னா அப்புறம் யார் மூட்டை?"

"நல்ல கேள்வி" என்றான் தம்பி. அவனுக்கு ஏழு வயது. பெயர் வாலு. யார் சண்டை போட்டாலும் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டுவான்.

மாமா சிரித்தார். "இருபது வருஷமா இந்த மண்ணுலதான் போடறேன். வெண்ணெய் மாதிரி மண்ணு. இதை விட்டுட்டு வேற எதுல போடறது? உன் தலைமுடியிலயா?"

"சிரிக்காதே!"

"மரியாதை" என்றார் அம்மா.

"சிரிக்காதீங்க! இலை மக்குல வளரும். மரப்பட்டை மக்குல வளரும். புத்தகத்துல இருக்கு. இதெல்லாம் வருஷா வருஷம் கிடைக்கும். ஆயிரம் வருஷம் காத்திருக்க வேண்டாம்."

அம்மா தட்டை நகர்த்தினார். 

"கத்தறது சுலபம். நாப்பது தொட்டி தர்றேன். பீட் இல்லாம தக்காளி போடு. அடுத்த லோடுக்கு ஆறு வாரம் கழிச்சு ஆர்டர் சொல்லணும். அன்னிக்கு உன் நாப்பதும் மாமா நாத்து மாதிரி நின்னா, உன் பேச்சைக் கேக்கறேன். நிக்கலன்னா இந்த வீட்டுல 'பீட்'னு ஒரு வார்த்தை வரக்கூடாது."

"கேக்கறது மட்டுமா? மாத்தணும்."

"மாத்தறேன். இப்ப சாப்பிடு."

மாமா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். கடுகு சுண்டுவிரலை நீட்டினாள். மாமாவோடு டூ விட்டாள்.

கடுகு டூ விட்டால் சாதாரண டூ இல்லை. ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

*

சனிக்கிழமை கடுகும் வாலுவும் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு பூங்காவுக்குப் போனார்கள். பூங்காவின் மூலையில் இரண்டு வருடத்து இலைக் குவியல் இருந்தது. மேலே சருகு. தோண்டினால் கறுப்பாக, உதிரி உதிரியாக மக்கு.

"எடுத்துக்கோங்க. எனக்கு எடம் காலியாகும்" என்றார் பூங்காத் தோட்டக்காரர்.

மரக்கடைக்குப் பின்னால் பழைய மரப்பட்டைத் தூள் மக்கிக் கிடந்தது. அதில் மூன்று கூடை. பிறகு ஒரு கூடை பருமணல்.

எல்லாவற்றையும் கொல்லையில் கொட்டினார்கள். சலிக்க வேண்டும். நல்ல சல்லடை மாமாவிடம்தான் இருந்தது. கேட்க முடியாது. டூ.

கடுகு கையாலேயே குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் வாலு சல்லடையோடு வந்தான்.

"மாமா குடுத்தாரு. இது மண்ணா, குருவிக் கூடான்னு கேக்கச் சொன்னாரு."

"குருவிக் கூடுதான்னு சொல்லு."

வாலு ஓடிப்போய்ச் சொன்னான். திரும்பி வந்தான். "குஞ்சு எப்பப் பொரிக்கும்னு கேக்கறாரு."

"போடா!"

வாலு அதையும் போய்ச் சொன்னான்.

நாற்பது தொட்டிகளை நிரப்பினார்கள். விதை போட்டார்கள். மாமா பக்கத்து மேசையில் அதே நாளில் நாற்பது தொட்டிகளில் பீட் நிரப்பி அதே விதை போட்டார். எட்டாவது நாள் இரண்டு மேசையிலும் முளை வந்தது.

கடுகு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். ஒன்பதாவது நாள் மேல் மண் வெளுத்துக் கிடந்தது. பூவாளியைத் தூக்கினாள். அதற்குள் வாலு சும்மா இருக்காமல் ஒரு தொட்டியின் ஓரத்தில் விரலை விட்டான்.

"கையை எடுடா குரங்கே!"

எடுத்தான். விரல் முழுக்கச் சேறு.

கடுகு பூவாளியைக் கீழே வைத்தாள். தன் விரலை விட்டுப் பார்த்தாள். மேலே பட்டைத் தூள் காய்ந்திருந்தது. ஒரு கணு உள்ளே போனால் ஈரம். இன்னொரு தொட்டி. அதுவும் ஈரம்.

பீட் அப்படி இல்லை. மேலே காய்ந்தால் உள்ளேயும் காய ஆரம்பித்திருக்கும். இந்த மண் மேலே ஒன்று காட்டியது, உள்ளே ஒன்று வைத்திருந்தது.

நோட்டில் எழுதினாள்: 'மேலே பார்க்காதே. விரலைக் கேள்.'

அதன் பிறகு ஒரு வாரம் தினமும் விரலைக் கேட்டாள். விரல் வாரத்துக்கு இரண்டு நாள்தான் 'ஊற்று' என்றது. திங்கள், வியாழன். அப்புறம் விரலைக் கேட்காமலே அந்த இரண்டு நாள் மட்டும் ஊற்றினாள்.

இதை மாமாவிடம் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். மாமா அந்தப் பக்கம் வாலுவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

சொல்லவில்லை.

*

மூன்றாவது வாரம் வரை நாற்பதும் பச்சை. நாலாவது வாரம் மஞ்சள்.

முதலில் கீழ் இலைகள். பிறகு மேலே. தண்டு மெலிந்தது. ஆறு நாற்றுகள் தலை சாய்த்துப் படுத்துவிட்டன. பக்கத்து மேசையில் மாமாவின் நாற்பதும் காலரைத் தூக்கிவிட்டதுபோல் நின்றன.

"பாவம்" என்றார் மாமா, காற்றைப் பார்த்து. "சில பேருக்குச் செடியை விடக் கோபம்தான் நல்லா வளருது."

காது, மூக்கு இரண்டும் ஒரே நேரத்தில் சிவந்தன. கடுகு பல்லைக் கடித்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விரலை விட்டாள். சொதசொதவென்று இருந்தது. நேற்றுக் கொஞ்சம்தான் ஊற்றினாள். புதன்கிழமை இன்னும் ஈரம். வியாழக்கிழமை வேண்டுமென்றே ஊற்றவில்லை. வெள்ளிக்கிழமை தொட்டிக்குக் கீழே தண்ணீர் தேங்கி நின்றது.

மழை இல்லை. குழாய் ஒழுகவில்லை.

யாரோ ஊற்றுகிறார்கள்.

"நீதானே?" என்று வாலுவின் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"நானா? எனக்குக் குடிக்கவே எழுந்து போய்த் தண்ணி எடுக்கச் சோம்பல்."

அது உண்மை. காலரை விட்டாள். மாமாவின் மேசையைப் பார்த்தாள். நிமிர்ந்து நின்ற நாற்பது நாற்றுகள். யார் ஜெயிக்க வேண்டும் என்று யாருக்கு ஆசை?

"நாளைக்கு விடியறப்போ என்கூட வா" என்றாள்.

"எதுக்கு?"

"திருடனைப் பிடிக்க."

*

விடிந்தும் விடியாத நேரம். இருவரும் பீட் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். வாலு போர்வையோடு வந்திருந்தான். இரண்டு நிமிடம் காவல் காத்தான். பிறகு மூட்டை மேல் சாய்ந்து தூங்கிவிட்டான்.

செருப்புச் சத்தம் கேட்டது.

மாமா. கையில் சின்னப் பூவாளி. நேராகக் கடுகின் மேசைக்கு வந்தார். குனிந்து மண்ணைப் பார்த்தார். உச்சுக் கொட்டினார்.

"இன்னிக்கும் காஞ்சு கிடக்குறீங்களா?" என்றார் நாற்றுகளிடம். "குடிங்கடா. சின்னப் புள்ள, மறந்துட்டா. பள்ளிக்கூடம், பாடம்னு அவளுக்கும் ஆயிரம் இருக்கு. நான் ஊத்தினேன்னு சொல்லிடாதீங்க. கத்துவா."

ஒவ்வொரு தொட்டியாகச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். குழந்தைக்கு மருந்து கொடுப்பதுபோல.

கடுகு மூட்டைக்குப் பின்னாலிருந்து எழுந்தாள்.

"நீயா!"

மாமாவின் கையிலிருந்து பூவாளி விழுந்தது. வாலு விழித்து, "திருடன், திருடன்" என்று கத்தினான்.

"நீதான் கொன்னியா? என் நாத்தை எல்லாம் நீதான் கொன்னியா?"

"கொன்னேனா? நான் காப்பாத்தறேன்டி! ரெண்டு வாரமா நான்தான் இதுங்களுக்கு உசுர் குடுத்துட்டு இருக்கேன். நீ பாட்டுக்கு வாரத்துக்கு ரெண்டு தடவ ஊத்திட்டுப் போயிடற. மண்ணைப் பாரு, எப்படி வெளுத்துக் கிடக்கு! கண்ணு இல்ல உனக்கு?"

"விரல் இல்ல உனக்கு?"

அம்மா தலையை முடிந்துகொண்டே ஓடி வந்தார். "என்ன சத்தம்? விடியக் காலையில என்னடி மாமாவை நீ, வா, போன்னு?"

கடுகு மேசைக்குப் போனாள். படுத்துக் கிடந்த ஒரு நாற்றைத் தொட்டியோடு கவிழ்த்தாள். மண் கட்டி வெளியே வந்தது. தண்ணீர் சொட்டியது. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகக் கொழகொழவென்று இருந்தது. அழுகல் நாற்றம் அடித்தது. வாலு மூக்கைப் பொத்தினான்.

மாமா பார்த்தார். நம்பவில்லை. "இது உன் மண்ணோட கோளாறு. மேல காஞ்சிருக்கே."

கத்தினால் கேட்க மாட்டார். அது கடுகுக்குப் புரிந்தது. மாமாவின் கண் இருபது வருடமாகத் தப்பு சொன்னதில்லை. அதை எப்படி அவர் நம்பாமல் இருப்பார்?

ஆனால் மாமாவுக்குக் கண் மட்டும் இல்லை.

மூச்சை இழுத்து விட்டாள். ஒரு தடவை. இரண்டு தடவை.

"மாமா. கண்ணை மூடுங்க."

"எதுக்கு?"

"மூடுங்களேன்."

மூடினார். கடுகு அவருடைய மேசையிலிருந்து ஒரு தொட்டியை எடுத்து அவர் இடது கையில் வைத்தாள். தன் மேசையிலிருந்து, அவர் இன்னும் தண்ணீர் ஊற்றாத கடைசி வரிசையில் ஒன்றை எடுத்து வலது கையில் வைத்தாள்.

"எதுக்குத் தண்ணி வேணும்?"

மாமா இரண்டு கைகளையும் மெல்ல ஏற்றி இறக்கினார்.

"இதுக்கு" என்று இடது கையை உயர்த்தினார். "வலது கையில இருக்கறது நல்லாக் குடிச்சிருக்கு. மூணு நாளைக்குச் சொட்டுத் தண்ணி காட்டக் கூடாது. ஊத்தினா வேர் அழுகிடும்."

"கண்ணைத் திறங்க."

திறந்தார். வலது கையில் இருந்தது கடுகின் தொட்டி. மேல் மண் வெளுத்துக் காய்ந்து கிடந்தது.

மாமா அதைப் பார்த்தார். மறுபடி எடை பார்த்தார். மேசையில் வைத்தார். மற்றொன்றைத் தூக்கினார். அடுத்ததை. வரிசையாகப் பத்துத் தொட்டிகள். பிறகு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்டி, இது உனக்கு எப்பத் தெரியும்?"

"ஒம்பதாவது நாளே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

கடுகு கீழே பார்த்தாள். காதின் சிவப்பு இறங்கிக்கொண்டிருந்தது.

"உங்ககூட டூ" என்றாள்.

 வாலு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அக்காவின் கையைப் பிடித்து இழுத்தான். மாமாவின் கையையும் பிடித்து இழுத்தான். இரண்டு பேரின் ஆள்காட்டி விரலையும் பிடித்து ஒன்றோடு ஒன்று கோத்துவிட்டான்.

"இப்ப பழம். நான் தூங்கப் போறேன்" என்று போர்வையை இழுத்துக்கொண்டு நடந்தான்.

*

பதினேழு நாற்றுகள் செத்துவிட்டன. இருபத்து மூன்று மிச்சம். ஆர்டர் சொல்லும் நாளுக்கு இரண்டு வாரமே இருந்தது.

மாமா தேங்கிய தண்ணீரை வடித்தார். தொட்டிகளைக் காற்றுப் படும் இடத்துக்கு மாற்றினார். பிறகு அவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. வெளுத்த மண்ணைப் பார்த்தால் கை தானாகப் பூவாளிக்குப் போனது.

"மாமா!"

"தொடல, தொடல." கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தார்.

ஐந்தாவது நாள் கடுகு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது மாமா விரலை ஒரு தொட்டிக்குள் விட்டபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் வா. ரெண்டு கணுவுக்கும் காஞ்சிருக்கு. ஊத்தலாமா மேடம்?"

கடுகும் விரலை விட்டாள். காய்ந்துதான் இருந்தது.

"ஊத்துங்க" என்றாள்.

எட்டாவது நாள் ஒரு நாற்றின் நுனியில் புது இலை வந்தது. பச்சை. மறுநாள் இன்னும் ஐந்தில்.

ஆறாவது வாரம் முடிந்தது. அம்மா இரண்டு மேசைகளுக்கும் நடுவில் நின்று எண்ணினார். மாமாவின் மேசையில் நாற்பது. கடுகின் மேசையில் இருபத்து மூன்று. அதில் நாலு இன்னும் நோஞ்சான். பக்கத்து மேசைக்கு ஈடாக நின்றவை பத்தொன்பது.

"நாம பேசினது நாப்பது" என்றார் அம்மா.

கடுகுக்குக் காது சிவந்தது. ஆனால் அம்மா சொன்னது சரி. பேசியது நாற்பதுதான். சரியான பேச்சின் மேல் எப்படிக் கோபப்படுவது? 

"அக்கா" என்றார் மாமா. "ஒரு கேள்வி. என் மேசையில மண்ணு ஈரமா இருக்கறப்பவே, ரெண்டு வாரம் தினமும் யாராவது தண்ணி ஊத்தியிருந்தா எத்தன பொழச்சிருக்கும்?"

அம்மா யோசித்தார். "பத்துகூடப் பொழச்சிருக்காது."

"அவ மண்ணுல பத்தொம்பது நிக்குது. தோத்தது மண்ணு இல்லக்கா. என் கண்ணு."

"என் வாயும்" என்றாள் கடுகு, மெதுவாக. "டூ விடாம இருந்திருந்தா நாப்பதும் நின்னிருக்கும்."

அம்மா அவளைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். லாரிக்காரரைக் கூப்பிட்டார்.

"அம்பது மூட்டை வேண்டாம். இருபத்தஞ்சு போதும்... இல்ல, வேற கடையில எல்லாம் வாங்கல. இலையும் பட்டையும்தான்... யாருகிட்ட கேட்டு இப்படி ஆச்சா? உங்ககிட்ட கேட்டுத்தான்! ஒரு டீ குடிச்ச நேரத்துல என் வீட்டுல வெடி வச்சுட்டுப் போனீங்களே!"

"பாதியா?" என்றாள் கடுகு, அம்மா போனை வைத்ததும். "பாதிதானா?"

"பாதிதான். மீதி மேசைக்கு இலை எங்க இருக்கு? பூங்காவுல இருக்கறது பாதி மேசைக்குத்தான் தேறும். இந்த வருஷம் விழற இலையைச் சேத்து மக்க வைக்கணும். அது மக்க எத்தன நாள் ஆகும்?"

"ஒரு வருஷத்துக்கு மேல."

"அப்ப பொறு. உன் கோபம் ஒரு வருஷத்துல மக்கிடாதே?"

"மக்காது!" என்றாள் கடுகு. காது ஜம்மென்று சிவந்திருந்தது.

வெளியே சக்கரம் கிறீச்சிட்டது. மாமா ஏற்கெனவே கைவண்டியைத் தெருவுக்குத் தள்ளிவிட்டார்.

*

அடுத்த மாதம். ஞாயிற்றுக்கிழமை. பண்ணையில் கூட்டம்.

மாடி வீட்டு அக்கா ஒரு தக்காளி நாற்று வாங்கினார். புது மண்ணில் வளர்ந்த நாற்று. தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயோ, இப்படிக் காஞ்சு கிடக்கே பாவம்" என்று கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகினார்.

கடுகு மூச்சை இழுத்தாள். வாயைத் திறந்தாள்.

"ஊத்தாதீங்க!" என்று கொல்லைக் கோடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

மாமா. மேசைகளுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓடி வந்தார். பாட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவில் கையை நீட்டினார்.

"விரல் இருக்கா உங்களுக்கு? பத்து இருக்கில்ல? அதுல ஒண்ணை உள்ள விட்டுப் பாருங்க முதல்ல!"

மாடி வீட்டு அக்கா பயந்துபோய் விரலை விட்டார். எடுத்துப் பார்த்தார். ஈரம்.

"அடடே" என்றார்.

"அடடேதான். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போகுது!"

வாலு கடுகின் முழங்கையை இடித்தான். மாமாவைக் காட்டினான்.

மாமாவுக்கு இரண்டு காதும் சிவந்திருந்தன. மூக்கு நுனியும் லேசாகச் சிவக்க ஆரம்பித்திருந்தது.

"பேச்சை மாத்தலாமா?" என்று வாலு கிசுகிசுத்தான்.

"வேண்டாம்" என்றாள் கடுகு. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நல்லாத்தான் பேசறாரு."